ஐயாயிரம் அடிக் கோடு: ஊவா மலைநாட்டில் காட்டாய்வும் காடு காத்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, மரமும் மாவும் புள்ளும் தொழிலும் அந்நிலத்தின் கருப்பொருள்கள் என வகுத்தது பண்டைத் தமிழிலக்கண மரபு. மனிதரை நிலத்திலிருந்து பிரித்து நோக்காத பார்வை அது. மலை சார்ந்த நிலத்துக்குப் பெயர் தந்த குறிஞ்சியின் இனத்துச் செடிகள் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் வளர்கின்றன. சிங்கள மக்கள் அவற்றை 'நெலு' என வழங்குவர். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து இம்மலைகளுக்கு வந்து சேர்ந்த தமிழ் உழைப்பாளர் கண்ட குறிஞ்சி, பாடல்களில் அமைந்த குறிஞ்சியன்று. வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் கோப்பிக்கு இடம்விட்டுக்கொண்டிருந்த காட்டையே அவர்கள் கண்டனர்.

மலைநாட்டின் சூழல் பற்றிய ஆய்வும் அதனைக் காக்கும் முயற்சியும் அண்மைக் காலத்துப் புதுமைகள் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. வரலாறு அவ்வெண்ணத்துக்குச் சான்று பகரவில்லை. காட்டை அழித்தால் நீர் குன்றும், மண் அரியும், பயிர் நோயுறும் என்பன ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுத்தில் பதியப்பெற்ற உண்மைகள். அவ்வாறாயின் அவ்வறிவு எதனைக் காத்தது? எவரைக் காவாது விட்டது? எல்ல, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஊவாப் பிரதேசத்தை முன்வைத்து இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

மத்திய மலைத்திணிவின் கிழக்கே, உயர்ந்த மலைத்தொடர்களால் சூழப்பட்டுக் கிண்ணம் போல் அமைந்தது ஊவா வடிநிலம். அதன் தென்கிழக்கு விளிம்பில் மலைகள் திடீரெனப் பிளந்து தெற்குச் சமவெளியை நோக்கித் திறக்கும் கணவாயில் எல்ல அமைந்துள்ளது. எல்ல என்னும் சிங்களச் சொல் அருவியைக் குறிப்பது. ஊரின் பெயரே நீரின் பெயராதல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் வடக்கு நோக்கி ஓடி மகாவலியிற் கலக்கின்றன. கிரிந்தி ஓயா எல்லக் கணவாயின் வழியே இறங்கி வெல்லவாயவைக் கடந்து தென்கடலை அடைகிறது. கதிர்காமத்தில் அடியார் நீராடும் மாணிக்க கங்கையும் நமுனுகுல மலைத்தொடரிற் பிறப்பதே. எனவே ஊவா மலைகளின் நலம் மலைநாட்டாரின் நலம் மட்டுமன்று. வரண்ட வலயத்து உழவரின் நலமுமாகும்.

ஊவாவின் காலநிலையும் தனித்தன்மை வாய்ந்தது. தென்மேல் பருவக்காற்றின் மழையை மேற்குச் சரிவுகள் ஏற்றுக்கொள்வதால், யூன் முதல் செப்ரெம்பர் வரை இங்கு வீசுவது ஈரமிழந்த வறட்காற்றே. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்த தனிச்சுவை இவ்வறட்காற்றின் பயன். ஆண்டுதோறும் எல்ல மலைச்சரிவுகளில் எழும் புல்வெளித் தீயும் இதே காற்றின் விளைவு. ஒக்ரோபர் முதல் சனவரி வரையான காலத்தில் இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவ மழையும் செங்குத்தான சரிவுகளில் மிகுந்து பொழிகின்றன. கோடையில் எரிந்து வெறுமையான மண், மாரியில் நீரை எதிர்கொள்கிறது. ஊவாவின் சூழலியல் வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்வதற்கு இப்பருவச் சுழற்சியே திறவுகோலாகும்.

'தரிசு' என்னும் சொல்லின் அரசியல்

கண்டி இராச்சியத்தின் ஊவாக் கிராமம் நான்கு உறுப்புகளால் ஆனது: பள்ளத்தில் வயல், அதனையடுத்து வீட்டுத் தோட்டம், சரிவிற் சேனை, மேலே காடு. சேனை சில போகங்களுக்குப் பயிரிடப்பட்டுப் பின் பல ஆண்டுகள் தரிசாக விடப்படும். காடு விறகும் மருந்தும் மரமும் தந்ததோடு வயலுக்கு நீரையும் காத்துத் தந்தது. இந்நான்கையும் தனித்தனிச் சொத்துகளாகப் பிரித்தல் அச்சமூகத்துக்குத் தெரியாத ஒன்று.

1817-18 ஆம் ஆண்டுகளில் ஊவா-வெல்லச மக்கள் ஆங்கில ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். தேசாதிபதி பிறவுண்றிக்கின் படைகள் ஊர்களையும் களஞ்சியங்களையும் எரித்தன. கால்நடைகளும் பயன்தரு மரங்களும் நீர்ப்பாசன அமைப்புகளும் அழிக்கப்பட்டன. அதன்பின் ஒரு தலைமுறை கழிவதற்குள், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடுகளும் தரிசு நிலங்களும் குடியற்ற, பயிரிடப்படாத நிலங்களும் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் சாரம். எழுத்தாவணம் இல்லாத உழவன் தன் சேனையைத் தனதென நிறுவுதல் எவ்வாறு? படையால் வெறுமையாக்கப்பட்ட நிலம் சட்டத்தால் 'தரிசு' எனப் பெயரிடப்பட்டது. தரிசு எனப் பெயர் பெற்றமையால் அது விற்பனைக்குரியதாயிற்று. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இப்போக்கினை மேலும் இறுக்கியது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. காடழிவுக்குக் காரணர் சேனைப் பயிர் செய்வோரே என்னும் குற்றச்சாட்டு அக்கால அரச அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் ஒலிக்கக் காண்கிறோம். சேனைத் தீ குற்றமெனக் கருதப்பட்டது. அதனிலும் பன்மடங்கு பெரிய கோப்பித் தீ 'நிலத்தைத் திருத்துதல்' எனப்பட்டது.

கோப்பியும் அறிவியலின் தொடக்கமும்

கோப்பித் தோட்டத்துக்காகக் காடு வெட்டிய முறையை அக்காலத் துரைமார் தம் நூல்களில் விரிவாக எழுதியுள்ளனர். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரமும் அரைகுறையாக வெட்டப்பட்டு நிற்கும். உச்சியிலுள்ள பெருமரங்கள் இறுதியில் முழுமையாக வெட்டப்பட, அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, ஒரு மலைச்சரிவே ஒரு கணத்தில் இடியோசையோடு சாயும். பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு அமர்த்தப்பட்ட சிங்களக் கிராமத்தவரே மரம் வெட்டினர். எரிந்த சாம்பலிற் குழி தோண்டி நாற்று நட்டுக் களை பிடுங்கியவர்கள், மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தமிழர். காடழித்தலின் கூலியை இரு இனத்து ஏழைகளும் பெற்றனர். இலாபத்தை எவரும் பெற்றாரல்லர்.

இயற்கையைப் பற்றிய முறையான ஆய்வும் இக்காலத்திலேயே தொடங்குகிறது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் 1858 முதல் 1864 வரை இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். 1861 இல் நீற்னர் என்னும் தோட்டக்காரர் கோப்பியின் பகைகளைப் பற்றித் தனிநூலொன்று எழுதினார். அவ்வெழுத்துகளுள் சூழலியல் நோக்கிற் சிறப்புடையது கோப்பி எலி பற்றிய செய்தியாகும். காட்டு நெலுச் செடிகள் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்துக் காய்த்து மடியும். அப்போது அவற்றின் விதையையும் தண்டையும் உண்டு பெருகிய எலிகள் உணவின்றிக் கோப்பித் தோட்டங்களுட் புகுந்து அழிவு செய்யும் என 1850களில் எழுதிய கெலார்ட்டும் டெனன்ரும் குறித்தனர். காடும் தோட்டமும் ஒரே உயிர்த்தொகுதியின் இரு பகுதிகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வெலிகளைத் தமிழ்த் தொழிலாளர் எண்ணெயிற் பொரித்து விரும்பியுண்பர் என்பதும் அங்குப் பதிவாகியுள்ளது. எலியின் உணவை ஆராய்ந்த நூல்கள் தொழிலாளியின் உணவை ஆராயவில்லை.

1869 ஆம் ஆண்டு பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பியிலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படர்ந்திருத்தல் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த இங்கிலாந்துப் பூஞ்சண அறிஞர் பேர்க்கிலியும் புறூமும் அவ்வாண்டிலேயே அதற்கு ஹெமிலெயா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டனர். உலகக் கோப்பி வரலாற்றைத் திசைதிருப்பிய துருநோயின் முதற்பதிவு ஊவாவின் மலையொன்றிற்கு உரியது. எனினும் தோட்டங்கள் பெருகுவது நிற்கவில்லை. 1870களின் இறுதியில் இலங்கையில் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரிற் கோப்பி நின்றது. 1880 இல் அரசு வரவழைத்த இளம் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட் ஈராண்டு ஆய்ந்து, நோய் பூஞ்சண வித்திகளாற் காற்றின் வழியே பரவுவது என நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர் நின்றமையும், காற்றைத் தடுக்கக் காட்டுப் பட்டைகள் எஞ்சாமையும் நோய்க்குத் துணைபோயின என்பது அவ்வாய்விலிருந்து பெறப்படும் பாடம். அது காலங்கடந்து வந்த பாடம். 1880களின் முடிவிற்குள் கோப்பி வீழ்ந்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. ஒரு தனிப்பயிரின் அழிவுக்குத் தீர்வாக மற்றொரு தனிப்பயிர் வைக்கப்பட்டதேயன்றித் தனிப்பயிர் முறைமை கேள்விக்கு உள்ளாக்கப்படவில்லை.

1873: கோடு வரையப்படுதல்

இலண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873 ஆம் ஆண்டு, இலங்கையின் உயர்மலைக் காடுகளைக் காத்தல் இன்றியமையாதது எனக் குடியேற்ற நாட்டமைச்சுக்கு எடுத்துரைத்தார். காலநிலையையும் நீர்வளத்தையும் காட்டியே அவர் வாதிட்டார். துவைற்சும் அதற்குத் துணைநின்றார். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை வெட்டுதலும் விற்றலும் தடுக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை அதன்வழி உருவாயிற்று. இன்று சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடும் ஹோட்டன் சமவெளியும் எஞ்சி நிற்பதற்கு இக்கொள்கை பெருங் காரணமாகும். ஆசியாவில் இத்துணை முற்பட்ட காலத்திற் சூழலியற் காரணங்காட்டி எடுக்கப்பட்ட முடிவுகள் சிலவே. அதன் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் அக்கோடு எங்கே வரையப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும். கோப்பிக்கு உகந்த உயரம் அதற்குக் கீழேயே பெரிதும் அமைந்தது. ஐயாயிரம் அடிக்கு மேலான குளிரில் கோப்பி இலாபம் தருவதன்று. எனவே அன்று மூலதனத்துக்குத் தேவைப்படாத காடே காக்கப்பட்ட காடாயிற்று. பின்னர்த் தேயிலை வந்தபோது, நுவரெலியாவில் அதனினும் உயர்ந்த சரிவுகளிலும் தோட்டங்கள் எழுந்தமை இதனை உறுதிசெய்யும்.

ஊவாவின் உயரங்களை இக்கோட்டோடு ஒப்பிட்டு நோக்குக. அப்புத்தளை ஏறத்தாழ 4,700 அடி, பண்டாரவளை 4,000, எல்ல 3,400, பதுளை 2,200. நமுனுகுல போன்ற சில சிகரங்களும் வடிநிலத்தின் மேற்கு விளிம்பும் நீங்கலாக, ஊவாவின் தோட்டங்களும் கிராமங்களும் கோட்டின் கீழேயே கிடந்தன. மலையின் முடி காக்கப்பட்டது; மலையின் உடல் விற்கப்பட்டது. நீரோ மண்ணோ கோடு அறியா. உச்சியிற் பெய்த மழை சரிவின் வழியேதான் இறங்க வேண்டும்.

1880களின் தொடக்கத்தில் இந்தியக் காட்டுச் சேவையைச் சேர்ந்த வின்சென்ற் அழைக்கப்பட்டு அறிக்கை தந்தார். 1885 இல் காட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. காடு என்பது அரசின் மரக்களஞ்சியம், அதிற் புகும் கிராமத்தவன் குற்றவாளி என்னும் கருத்தே இந்நிருவாகத்தின் அடித்தளம். 1894 இல் பண்டாரவளையை அடைந்த இருப்புப்பாதை, தெமோதரை வளைவையும் எல்லக்கு அணித்தான ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து 1924 இல் பதுளையை அடைந்தது. பாதைக்குச் சிலிப்பர்க் கட்டை வேண்டும்; தேயிலைக்குப் பெட்டி மரமும் ஆலைக்கு விறகும் வேண்டும். இத்தேவைகளுக்கு அளித்த மரத்தை எவரும் காடழிவெனக் கணக்கிடவில்லை.

பத்தனை பற்றிய ஆராய்ச்சி

ஊவாவின் இயல்பான தோற்றத்தைக் காட்டுவன காடுகளைக் காட்டிலும் அதன் புல்மலைகளே. பத்தனை எனப்படும் இவற்றில் தொழிலாளர் மானா என அழைக்கும் மணமுள்ள உயர்புல் செறிந்து வளரும். இடையிடையே தீயைத் தாங்கும் தடித்த பட்டையுடைய நெல்லி, கடுக்காய், தான்றி முதலிய மரங்கள் தாழ்ந்த சரிவுகளில் நிற்கும். இப்புல்வெளிகள் இயற்கையாயமைந்தனவா? காட்டை மனிதர் எரித்தமையால் உண்டானவையா? 1899 இல் பியர்சன் பத்தனைகளின் தாவரவியல் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டு மண், காற்று, மழை, தீ ஆகியவற்றின் பங்கினை ஆராய்ந்தார். 1940களில் த றொசயிறோவும் 1951 இல் ஹோம்சும் இவ்விவாதத்தை மேலெடுத்துச் சென்றனர். தோற்றம் பற்றிக் கருத்து வேறுபட்டபோதும், ஊவாவின் வறண்ட பத்தனைகளை நிலைபெறச் செய்வது தீயே என்பது பெரிதும் ஏற்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் பாலசுப்பிரமணியம், கிரெல்லருடன் இணைந்து 1980 இல் இலங்கைத் தாவரத்தொகுதிகளை வகைப்படுத்திய முயற்சியும் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

இவ்விவாதம் ஏட்டளவில் நின்றதன்று. பத்தனை பாழ்நிலம் எனக் கொள்ளப்பட்டால் அதில் எதையும் நடலாம். முதலில் யூக்கலிப்டசும், 1970களிலும் 80களிலும் பெரும்பரப்பிற் கரிபியன் பைன் மரமும் ஊவாச் சரிவுகளில் நடப்பட்டன. பைன் ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றுவன. அவற்றின் அடியில் பிற செடிகள் தழைத்தல் அரிது. நீரூற்றுகள் வற்றுவதாகக் கிராமத்தவரும் தோட்டத்தவரும் குறைகூறினர். பைன் நிழலைப் பயன்படுத்தியே உள்ளூர்க் காட்டு மரங்களை மீள வளர்த்தல் இயலும் என்பதைப் பேராதனையின் குணதிலக தம்பதியரும் அவர்களின் அமெரிக்க ஆய்வுத் துணைவரும் சிங்கராசக் காட்டின் விளிம்பிற் செய்த ஆய்வின் மூலம் 1997 இல் வெளியிட்டனர். அது ஈரவலயத்துத் தாழ்நில ஆய்வு. ஊவாவின் வறட்காற்றுச் சரிவுகளுக்குரிய முறையை இங்குள்ள மண்ணிலேயே தேடிப் பெறுதல் வேண்டும்.

பாழ்நிலப் புல் எனப்பட்ட மானா இனத்தின் பிற்கால வரலாறு சுவையானது. முதிர்ந்து சத்திழந்த தேயிலை மலைகளைப் பிடுங்கி மீள நடுமுன், மண்ணைச் செப்பனிட மானாப் புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் ஒன்றரை முதல் இரண்டாண்டு வளர்க்குமாறு தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்தது. தேயிலை தின்ற மண்ணைப் புல் மீட்டுத் தருகிறது. யார் பாழாக்கினர், எது வளப்படுத்தியது என்னும் கணக்கை இப்புல்லே திருத்தி எழுதிவிட்டது எனலாம்.

கோட்டின் கீழே: மண்ணரிப்பு

தேயிலைக் காலத்தின் தொடக்கத்திற் 'சுத்தக் களையெடுப்பு' என்பது நல்ல தோட்டத்தின் இலக்கணமாகக் கருதப்பட்டது. செடிகளுக்கிடையே ஒரு புல்லும் நில்லாவாறு சுரண்டியால் மண்ணைச் சுரண்டுதல் அம்முறை. செங்குத்தான சரிவில், மழை நாளில், அதன் விளைவு யாதாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேல்மண் ஓடைகளிலிறங்கிக் கிராமத்து வயல்களை மூடியது. ஆறுகளின் படுகை உயர்ந்தது. இக்கேட்டினை ஆராய அமைந்த மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931 இல் அரசவைத் தாளாக வெளிவந்தது. சமவுயரக் கான்கள், கல்லணைகள், நிழல் மரங்கள், பசுந்தாட் பயிர்கள் ஆகியவற்றின் இன்றியமையாமை அதன்பின் பரவலாக ஏற்கப்பட்டது. 1951 இல் மண் காப்புச் சட்டமும் இயற்றப்பட்டது.

சட்டம் தாளில் எழுதப்பட்டது; கானைத் தொழிலாளியே வெட்டினான். எங்கே நீர் தேங்கும், எந்த மலையில் ஊற்று எழும், எந்தக் கான் தூர்ந்தால் எந்த லயத்தின் பின்சுவர் நனையும் என்பதைத் தலைமுறைகளாகக் கண்டறிந்தவன் அவன். மழைநீரைப் பாதுகாப்பாக ஓடைக்கு இட்டுச்செல்லும் கான்கள் தூர்ந்துபோனால், நீர் மண்ணினுள் ஊறிச் சரிவின் பாரத்தைப் பெருக்கி, மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் இடையேயுள்ள பிடிப்பைத் தளர்த்தும். இவ்வறிவு எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. அதனை உடையவன் எந்தக் குழுவிலும் அமர்த்தப்படவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை அவனை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. மண்ணைக் காக்கும் சட்டமும் மண்ணிலிருந்து மனிதரை அயன்மைப்படுத்தும் சட்டமும் ஒரே அரசினால், மூன்றாண்டு இடைவெளியில் இயற்றப்பட்டன. 1972 இலும் 1975 இலும் நிகழ்ந்த நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் அனைத்தினூடும் மாறாது நின்றது ஒன்று: சரிவில் வாழ்பவனுக்குச் சரிவின்மீது உரிமையில்லை.

லயமும் சரிவும்

தோட்டத்தின் குடியிருப்பு அமைப்பே ஒரு சமூகப் படம். காற்றோட்டமும் காட்சியும் உள்ள மேட்டில் துரை பங்களா. தேயிலைக்குப் பயன்படாத ஒடுங்கிய இடத்தில், ஓடைக்கருகிலோ வெட்டிய சரிவின் அடியிலோ லயம். எந்நிலம் இலாபம் தராதோ அந்நிலமே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டது. மண்சரிவுக்கு இலக்காகும் இடங்களும் பலவேளைகளில் இவையே.

1986 சனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிற் பேரழிவுதந்த மண்சரிவுகள் நிகழ்ந்தன. அதனையடுத்து 1990 முதல் இவ்விரு மாவட்டங்களிலும் மண்சரிவு அபாய வலயப் படங்களை வரையும் பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. பாறையமைப்பு, மண்ணின் தடிப்பு, சாய்வு, நீர்வழி, நிலப்பயன்பாடு என்பவற்றை ஒருங்கு நோக்கி ஒவ்வொரு சரிவையும் வகைப்படுத்திய இவ்வாய்வு, ஹூக்கரின் கோட்டை விடப் பன்மடங்கு நுணுக்கமானது. உயரத்தை மட்டும் அது அளவுகோலாகக் கொள்ளவில்லை.

அறிவு வளர்ந்தது. ஆயினும் 2014 ஒக்ரோபர் 29 ஆந் தேதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்து லயங்களை மலை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று வினவியவர்கள் பலர். எங்கே வெளியேறுவது? லயம் தோட்டத்துக்குரியது, வேலையுள்ளவரை அது வீடு. மாற்றிடம் கேட்கும் சட்டவுரிமை அம்மக்களுக்கு இருக்கவில்லை. தாமே வாங்கிக் குடியேறக் காணியும் இல்லை. அபாயப் படத்தில் சிவந்திருந்த இடத்தை விட்டு நீங்குவதற்கு, படத்துக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வேண்டும். அறிவியல் தன் கடமையைச் செய்தது. நிலவுடைமை அதனைச் செயலற்றதாக்கியது. மீரியபெத்த கற்பிக்கும் பாடம் இதுவே.

எல்லயைச் சூழ்ந்த பகுதி மற்றொரு பாடத்தையும் தந்தது. உமா ஓயாவின் நீரைத் தயரபாவிலிருந்து கரந்தகொல்ல நோக்கிச் சுரங்கவழியே திருப்பி, 120 மெகாவாற்று மின்சாரமும் தென்கிழக்கு வரண்ட வலயத்துக்குப் பாசனநீரும் தர வகுக்கப்பட்ட திட்டத்தில், 2014 இன் இறுதியிற் சுரங்கத்தினுள் நிலத்தடிநீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, பயிர்கள் வாடின. 2017 இல் மக்கள் பேரளவில் வீதிக்கு இறங்கினர். திட்டம் 2024 ஏப்ரிலில் தொடக்கிவைக்கப்பட்டது. மேற்பரப்பைக் காப்பதோடு காப்பு முடிவதில்லை, மலையின் உள்ளுறுப்பும் அதன் சூழலின் பகுதியே என்பதனை ஊவா மக்கள் வற்றிய கிணற்றினால் அறிந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் பதுளை மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் சரிவுகள் இடிந்தன. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கடல் வெப்பமும் வளியின் ஈரமும் மிகும் இக்காலத்தில் இத்தகைய மழை மீண்டும் வரும் என எதிர்பார்ப்பதே அறிவுடைமை.

முடிவுரை

இலங்கையின் மத்திய உயர்நிலங்கள் 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. சிவனொளிபாதக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இவை காக்கப்படவேண்டியவையே. எல்லயிலும் இராவணா எல்லச் சரணாலயம் 1979 இல் பிரகடனமாயிற்று. எனினும் காப்பின் தலைமையிடம் இன்றும் பெரும்பாலும் மலையின் முடியிலேயே உள்ளது. 1873 இன் கோடு நிலப்படத்திலிருந்து மறைந்திருக்கலாம், சிந்தனையிலிருந்து மறையவில்லை.

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, ஊவாவில் சூழல் பற்றிய அறிவு பற்றாக்குறையாக இருந்ததில்லை. மடுல்சீமையின் துருநோய் முதல் மீரியபெத்தவின் எச்சரிக்கை வரை, அறிவு நிகழ்வுக்கு முன்னரோ உடனடியாகவோ கைவசம் இருந்தது. இரண்டாவது, அவ்வறிவு மூலதனத்தின் தேவைக்கு முரணாகாத எல்லை வரையே செயற்படுத்தப்பட்டது. மூன்றாவது, சரிவில் வாழ்வோர் காட்டின் பகைவராகவோ தோட்டத்தின் கைகளாகவோ கருதப்பட்டனரேயன்றி, காப்பின் பங்காளராகக் கருதப்படவில்லை. சேனைப் பயிர் செய்த சிங்கள உழவனும் கான் வெட்டிய தமிழ்த் தொழிலாளியும் இவ்வகையில் ஒரே வரலாற்றின் இரு முகங்கள். இனத்தின் பேரால் அவர்களைப் பிரித்து எழுதும் வரலாறு இவ்வுண்மையை மறைக்கும்.

எனவே ஊவாவின் மலைகளைக் காப்பதற்கான முதற்படி, பாதுகாப்பான இடத்தில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போதிய காணியை அங்கு வாழும் மக்களுக்கு உறுதியுடன் வழங்குதலே. அண்மை ஆண்டுகளில் வழங்கப்பட்ட ஏழு பேர்ச் காணி ஒரு தொடக்கம், நிறைவன்று. ஊற்றுக்கண்களையும் ஓடைக் கரைகளையும் தோட்ட எல்லைக்குள்ளும் ஒதுக்குக் காடாக்குதல், சரிவு மிகுந்த, விளைவு குன்றிய தேயிலை மலைகளை உள்ளூர் மரங்களுக்கு மீளக் கையளித்தல், அப்பணியைக் கூலி வேலையாகவன்றி அம்மக்களின் உரிமையுள்ள பொறுப்பாக அமைத்தல் என்பன அடுத்து வரவேண்டியவை. பல்கலைக்கழக ஆய்வாளர் தம் படங்களோடு பீலிக்கரைக்குச் சென்று, நீர் எப்போது கலங்கும், எப்போது குறையும் என அங்குள்ள பெண்களிடம் கேட்டறிவாராயின், இரு தரப்பு அறிவும் ஒன்றையொன்று நிறைவாக்கும்.

முதற்பொருளையும் கருப்பொருளையும் பிரித்து நோக்காத நம் பழைய மரபு, இம்மலைகளில் இன்று ஓர் அரசியற் கோரிக்கையாகிறது. மலையைக் காப்பது என்பது அதன் முடியையும் சரிவையும், அச்சரிவில் உறங்கும் மனிதரையும் சேர்த்துக் காப்பதாகும். அடுத்த வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் எத்தனை லயங்கள் அபாயச் சரிவிலிருந்து அகற்றப்பட்டுள்ளன என்பதே நம் சூழலியற் கொள்கையின் உண்மையான அளவுகோலாகும்.